வளர்ச்சி ஹார்மோன் சோதனையில் நேர்ந்த பிழைகள்: ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புகார்

பெறுநர்: மேலாளர், ரத்தப் பரிசோதனைக் கூடம்
பொருள்: செல்லாத ஜிஎச் (வளர்ச்சி ஹார்மோன்) ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறக் கோருதல்

ஐயா,

வணக்கம். எங்கள் குழந்தைகள் கிளினிக்கிலிருந்து அனுப்பிய 9 வயதுச் சிறுவனுக்குக் குளோனிடின் தூண்டுதல் சோதனை (குளோனிடின் மாத்திரை கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பது) செய்து, ‘மில்லிலிட்டருக்கு 4.1 நானோகிராம், நார்மல்’ என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறீர்கள். இதை வைத்து எந்த மருத்துவரும் எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் மருந்தின் அளவு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்பதே வழக்கம். 22 கிலோ எடை, 118 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பு 0.85 சதுர மீட்டர் வரும். தேவை சுமார் 127 மைக்ரோகிராம். உங்கள் ஊழியர் எடையே பார்க்காமல் 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கவைத்திருக்கிறார். தூண்டுதலே குறைந்துவிட்டது.

அதைவிடப் பெரிய தவறு, ரத்தம் எடுத்த நேரம். மாத்திரைக்கு முன், 30ஆவது நிமிடம், 120ஆவது நிமிடம் என்று மூன்றே குழாய்கள். ஹார்மோன் பெரும்பாலும் உச்சத்தைத் தொடுவது 60 முதல் 90 நிமிடத்துக்குள். அந்த இரண்டு குழாய்களையும் விட்டுவிட்டால் உச்சம் எதுவென்று எப்படித் தெரியும்? இந்த ஹார்மோன் ரத்தத்தில் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். தவறவிட்ட குழாயைப் பிறகு ஈடுகட்ட வழியில்லை.

‘நார்மல்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தோம். வெறும் வயிற்றில் ஒருமுறை எடுக்கும் ரத்தத்துக்கான அளவுகோலை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். தூண்டுதல் சோதனையில் உச்சம் 10ஐத் தாண்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இன்றைய கருவிகளுக்கு 7ஐ எல்லையாக வைப்பவர்களும் உண்டு. முறையாகச் செய்த சோதனையில் உச்சமே 4.1 என்றால் அது குறைபாட்டைச் சுட்டும், நார்மல் அல்ல. பெற்றோர் உங்கள் ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டால், எலும்பு முனைகள் மூடி உயர வளர்ச்சி நிற்பதற்கு முன் சிகிச்சைக்குக் கிடைக்கும் காலம் வீணாகும்.

குளோனிடின் ரத்த அழுத்தத்தைக் குறைத்து, தூக்கக் கலக்கத்தையும் தரும் மருந்து. அரைமணிக்கொருமுறை அழுத்தம் பார்த்த பதிவு எதுவும் ரிப்போர்ட்டோடு வரவில்லை. தலை தொங்கும் தூக்கக் கலக்கத்தில் பையனை இருசக்கர வாகனத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். இதை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரிப்போர்ட்டை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்து, கட்டணத்தைப் பெற்றோரிடம் திருப்பித் தாருங்கள். அவர்கள் சம்மதித்தால், இரவு உணவுக்குப் பின் 8 மணி நேரப் பட்டினியில், ஒரே கேனுலா (நரம்பில் பொருத்தி வைக்கும் மெல்லிய குழாய்) வழியாக 0, 30, 60, 90, 120 நிமிடங்களில் ரத்தம் எடுத்து, குழாய்தோறும் நேரம் எழுதி, கட்டணமின்றி மறுபடி செய்யுங்கள். பையன் நன்றாக விழித்து, சாப்பிட்டு, எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரியாக இருந்தால் மட்டுமே வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உங்கள் ‘உயரம்’ பேக்கேஜில் உள்ள ஒற்றை ஜிஎச் சோதனையையும் நீக்குங்கள். குறைபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது. அந்த இடத்தில் வயது, பாலினம் வாரியான அளவுகோலுடன் ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் உடலில் உருவாகும் புரதம்) சோதனையை வைக்கலாம்.

பதில் வரும்வரை இந்தச் சோதனைக்கு உங்களிடம் குழந்தைகளை அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர்