அறுபது கிலோவுக்குப் பிறகு

திருச்சி

அன்புள்ள கயல்,

எடை மெஷின் 60.2 காட்டுகிற படம் கிடைத்தது. பதினோரு மாதத்தில் 15 கிலோ. அவசரப்படாமல் இறக்கியிருக்கிறாய், அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. கீழே நீ எழுதியிருந்த கேள்விக்கு மட்டும் போனில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். "இனிமே நார்மலா சாப்பிடலாமாம்மா?"

நீ நார்மல் என்று சொல்வது 75 கிலோ உடம்பின் சாப்பாடு. அந்த உடம்பு இப்போது இல்லை. 160 சென்டிமீட்டர் உயரம், 31 வயது, 75 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்குச் சுமார் 1,430 கலோரி செலவாகும். 60 கிலோவில் அது 1,280தான். நாற்காலி வேலையும் கொஞ்சம் நடையும் சேர்த்தால், முன்பு 2,000 கேட்ட உடம்புக்கு இப்போது 1,800 போதும். பழைய சாப்பாட்டுக்கு அப்படியே திரும்பினால் தினமும் 200 மிஞ்சும். அது எங்கே போய்ச் சேரும் என்று உனக்கே தெரியும்.

இதற்கு மேல் இன்னொன்று உண்டு. எடை குறைந்தவர்களின் உடம்பு, அளவுக்கு ஏற்பக் குறைய வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செலவைச் சுருக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள், 2016-இல் முடிவு வெளிவந்தது. அவர்கள் உடம்பு, எதிர்பார்த்ததைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி குறைவாகச் செலவழித்தது. அவர்கள் கடும் உடற்பயிற்சியோடு சில மாதங்களில் மளமளவென்று இறக்கியவர்கள், அதனால் அந்த எண்ணை உனக்குப் போட்டுப் பார்த்துப் பயப்படாதே.

செலவு குறைவதைவிடப் பசி கூடுவதுதான் பெரிய தொல்லை. ஒரு கிலோ குறைந்தால் தினச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்துச் செய்த ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு பிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்றால் மனஉறுதி இல்லை என்று உன்னையே திட்டிக்கொள்ளாதே. உடம்பு கேட்கிறது, அவ்வளவுதான். கேட்பதற்கு எதைக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்.

இனி உன் எண்ணைக் கண்டுபிடிப்போம். மேலே சொன்ன 1,800 சூத்திரம் தரும் எண். அதைவிட உன் நோட்டு நம்பகமானது. கடைசி 28 நாளில் நீ எழுதியிருக்கும் சராசரி 1,400 கலோரி. அதே நாட்களில் வாரச் சராசரி எடை 61.4-இலிருந்து 60.2-க்கு வந்திருக்கிறது, அதாவது 1.2 கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. 1.2-ஐ 7,700-ஆல் பெருக்கினால் 9,240, அதை 28-ஆல் வகுத்தால் 330. நீ சாப்பிட்டது போக உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுத்த தினத் தொகை அது. 1,400-உம் 330-உம் சேர்ந்தால் 1,730. இதுதான் நீ நிற்க வேண்டிய இடம்.

"நான் எழுதுறதுல தப்பு இருக்கும்மா, எண்ணெய் எல்லாம் சரியா கணக்குல வராது" என்பாய். வராதுதான், யாருக்கும் வராது. ஆனால் அதே தப்போடு எழுதிய 1,400-இலிருந்துதான் 1,730 பிறந்தது. கோணல் அளவுகோலானாலும் அதே கோலால் தொடர்ந்து அளந்தால் பலகை சரியாக உட்காரும். அதனால் அடுத்த இரண்டு மாதத்துக்கு எழுதும் விதத்தை மாற்றாதே. புது ஆப், புதுக் கிண்ணம் எதுவும் வேண்டாம்.

330-ஐ ஒரே நாளில் ஏற்றாதே. இரண்டு வாரத்துக்கு 110 வீதம் 1,510, பிறகு 1,620, பிறகு 1,730. மெதுவாக ஏற்றினால் உடம்பின் எரிக்கும் சக்தி பழுதுபார்க்கப்படும் என்று வீடியோவில் விற்கிறார்களே, அதற்காக இல்லை. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. நான் மெதுவாகச் சொல்வது உனக்குத் தண்ணீரும் கொழுப்பும் பிரித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக. மாவுச்சத்தைக் கூட்டியதும் தசையும் ஈரலும் அதைக் கிளைகோஜனாகச் சேமிக்கும், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்ளும். வயிற்றிலும் குடலிலும் இருக்கும் உணவின் எடையும் கூடும். முதல் வாரத்திலேயே அரை கிலோ, சிலருக்கு ஒரு கிலோகூட ஏறிவிடும். இங்கேதான் பலர் பயந்து மறுபடி பட்டினி கிடந்து, பட்டினி தாங்காமல் அள்ளிச் சாப்பிட்டு, இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கை நினைத்துக்கொள்: ஒரு வாரத்தில் நீ கூட்டியதே 770 கலோரி. அத்தனையும் கொழுப்பானாலும் 100 கிராம்தான். மிச்சமெல்லாம் தண்ணீர்.

எதைக் கூட்டுவது? முதல் 110-ஐப் புரதத்துக்குக் கொடு. எடையைப் பிடித்து வைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம், உனக்கு 72 கிராம், வேண்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்ற இந்தியப் பரிந்துரை பொதுவாக எல்லோருக்குமானது. தசையைக் காப்பாற்ற உனக்குச் சற்றுக் கூடுதல் நல்லது. இரண்டு முட்டை 12, ஒரு கப் தயிர் 6, பருப்பு பச்சையாக 50 கிராம் எடுத்தால் 12, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 12, பனீர் 100 கிராம் 18, மிச்சம் அரிசி, கோதுமையிலிருந்தே 15 வந்துவிடும். பனீருக்குப் பதில் கோழி என்றால் கணக்கு இன்னும் சுலபம். இப்போது நீ காலையில் வெறும் ஓட்ஸோடு ஓடுகிறாய், முதல் முட்டை அங்கே போகட்டும். இரண்டாவது 110 மத்தியானச் சோறு, வெந்த சோறாக 85 கிராம். நீ கொண்டுபோன குழிக்கரண்டியில் அது எவ்வளவு என்று ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடு. கரண்டிக்குக் கரண்டி ரொம்ப வித்தியாசம். மூன்றாவதை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன். 20 கிராம் வேர்க்கடலையோ, இரண்டு சின்ன இட்லியோ, ஒரு பெரிய வாழைப்பழமோ.

கணக்கு கவிழ்கிற இடம் எப்போதும் எண்ணெய்தான். ஒரு டீஸ்பூன் 45 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒன்றா மூன்றா என்று தெரியாது. தினமும் ஸ்பூனால் அளப்பதும் நடக்காத காரியம். மாசம் முதல் தேதி 600 மில்லியை உனக்கென்று தனிப் பாட்டிலில் ஊற்றிப் பேர் எழுதி வை. அறைத்தோழியின் எண்ணெய் அதில் கலக்க வேண்டாம். முப்பது நாளைக்கு அது வந்தால் தினம் 18 கிராம். ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பாட்டுக்குச் சொல்வதே 27 கிராம்தான், நீ வெளியில் சாப்பிடும் நாளுக்கும் மிச்சம் இருக்க வேண்டுமே. இருபதாம் தேதியே பாட்டில் காலியானால் எங்கே போனது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் 60 கலோரி. மூன்று முறை போட்டுக்கொண்டால் மூன்று இட்லிக்குச் சமம்.

சனி ஞாயிறுக்குத் தனிக் கணக்கு வை. ஐந்து நாள் 1,650, இரண்டு நாள் 1,930 என்றால் வாரச் சராசரி அதே 1,730. அந்த 1,930-க்குள் ஒரு பிளேட் பிரியாணி அடங்கும், கூட ஒரு ஐஸ்கிரீமும் கோக்கும் அடங்காது. ஏழு நாளும் ஒரே அளவு என்று கட்டிப்போட்டால் நீ மூன்றாவது வாரமே அறுத்துக்கொண்டு ஓடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

எடை பார்ப்பதை நிறுத்திவிடாதே. எடையைத் தக்கவைப்பதில் தோற்கிறவர்களின் முதல் அடையாளம், மெஷின் கட்டிலுக்கு அடியில் போவது. காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னால் ஏறு. எண்ணை எழுது, உடனே மறந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்ணின் சராசரியை மட்டும் பார். 59-இலிருந்து 61.5 வரை உன் வீடு, அதற்குள் எங்கே இருந்தாலும் ஒன்றும் செய்யாதே. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் ஒரு கிலோ ஏறுவது சகஜம், அதனால் அந்த வாரத்தைப் போன மாதம் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாப்பாடு என்று உப்பு கூடிய மறுநாளும் அப்படியே.

இரண்டு ஞாயிறு தொடர்ந்து 61.5-ஐத் தாண்டினால் மஞ்சள். விட்டுப்போன எழுத்தை மறுபடி ஆரம்பி, எண்ணெய்ப் பாட்டிலைப் பார், சாயங்காலத் தீனியை இரண்டு வாரத்துக்குச் சுண்டலாக மாற்று. பெரும்பாலும் இதிலேயே இறங்கிவிடும். 62.5-ஐத் தாண்டினால் சிவப்பு. அன்றே 1,400-க்குத் திரும்பு, 60 வரும்வரை. இரண்டரை கிலோவை இறக்க இரண்டு மாதம், எட்டு கிலோவை இறக்க மறுபடி ஆறு மாதம். தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளுவதில் இருக்கிற நஷ்டம் இதுதான். இந்த நிறக் கணக்கு என் கற்பனை இல்லை. 2006-இல் அமெரிக்காவில் ரீனா விங் குழுவினர் எடை குறைத்த 314 பேரை வைத்து இதே போலச் செய்து பார்த்தார்கள். வெறும் செய்திமடல் மட்டும் கிடைத்தவர்களில் ஒன்றரை வருடத்தில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது. நேரில் வந்து பயிற்சி பெற்று, தினம் எடை பார்த்து, நிறத்துக்கு ஏற்ப நடந்துகொண்டவர்களில் 46 சதவீதம். அதுவும் பாதிப் பேர் என்பதைக் கவனி. யாருக்கும் இது சுலபமில்லை.

59-க்குக் கீழே போனாலும் அதுவும் தவறுதான், பெருமையாக எடுத்துக்கொள்ளாதே. 100 கலோரி கூட்டு. முடி கொட்டுகிறது என்றாயே, எடை குறைந்த இரண்டு மூன்று மாதத்தில் அது வருவதுண்டு, பெரும்பாலும் தானே நிற்கும். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடு. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போ. தினமும் எடை பார்ப்பது உன் நாளையே கெடுக்கிறது, எண்ணைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறாய் என்றால் மெஷினை விட்டுவிட்டு டேப் எடு. இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். எனக்கும் சொல்.

நடைக்கு வருவோம். இறக்குவது பெரும்பாலும் சாப்பாட்டால், ஏறாமல் வைப்பதில் காலுக்குப் பெரிய பங்கு உண்டு. வாரத்துக்கு 250 நிமிடத்துக்குக் குறையாத வேக நடை வேண்டும். ஆனால் கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிச் சாப்பிட்டுவிடாதே. ஒரு மணி நேரம் 5 கிலோமீட்டர் நடந்தால் 60 கிலோ உடம்பு கூடுதலாகச் செலவழிப்பது 170-க்குள்தான். கடிகாரம் அதைவிடக் கூட்டிக் காட்டும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவையும் சேர்த்து. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கு. ஸ்குவாட், சுவரில் புஷ்-அப், டம்பெல்லால் முதுகுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் பத்து வீதம் மூன்று சுற்று. பன்னிரண்டு சுலபமாக வந்தால் எடையைக் கூட்டு.

உன் அறைத்தோழி எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாளாமே. டாக்டர் சொன்னால் போடட்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே கேட்கச் சொல். செமாக்ளூடைட் என்ற அந்த ஊசி மருந்தை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வரும்போது அத்தை கேட்பாள், "என்னடி இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட, சுகரா?" என்று. சிரித்துவிட்டு, "ஆமாத்தை, ஒரு வாய் போதும்" என்று தட்டை நகர்த்திவிடு. விளக்கம் சொன்னால் வடை வரும். சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி உண்டு, அதை நானே வைக்கிறேன். இரண்டாவது கரண்டியையும் நான்தான் வைக்கப் பார்ப்பேன், அங்கே நீ தடுக்க வேண்டும்.

பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, 250 கிராம் முறுக்கு வைத்திருக்கிறேன். முறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல். ஒன்றை எடை போட்டுப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு டப்பாவை அறைத்தோழியின் அலமாரியில் வை.

அன்புடன்,
அம்மா