கூகைக்கு முகம் தந்த அண்ணனுக்கு

உறவுகளே, நாங்கள் காகிதம் ஒட்டிச் செய்த கூகைச் சிலை (கூகை ஓர் ஆந்தை வகை) மழையில் நனைந்து கரைந்துபோன அந்த இரவைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கூழாய்க் கிடந்த கூகை நேற்று மாலை மறுபடி எழுந்து நின்றுவிட்டது. கையில் பசை மணம் போவதற்குள் நன்றி சொல்லிவிடுகிறோம்.

வனத்துறைப் பராமரிப்பில் இருக்கும் உயிருள்ள கூகையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்கே முதல் நன்றி. இறக்கை எலும்பு கோணலாக ஒட்டிப்போன பறவை அது. இனி வெளியே விட வழியில்லை. பார்க்க மட்டும்தான் அனுமதி கேட்டோம். அவரோ டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "வெள்ளை வெளிச்சம் அடிச்சா ஒடுங்கிரும். பயந்த முகத்தைப் பாத்துச் செய்யாதீங்க" என்றார். சிவப்பொளியில் பொன்னிறமும் சாம்பலும் ஒன்றாகிவிடுமாம். அதனால் நிறங்களை அந்தி வெளிச்சத்திலேயே குறிக்க வைத்தார்.

நாங்கள் செய்த முதல் சிலையில் முகம் வட்டம், கண் மஞ்சள். இரண்டும் பிழை. கூகையின் கண் கறுப்பு. முகமோ காம்பு மேலாக, நுனி கீழாகப் பிடித்த வெற்றிலை. காதுத் துளைகளைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார்: இடது மேலே, வலது சற்றுக் கீழே. எலி இருக்கும் உயரத்தை அது கணிப்பது இந்த ஏற்றத்தாழ்வால்தான். கண் குழிக்குள் உருளாது, கழுத்துதான் திரும்ப வேண்டும்; 14 எலும்புகள், 270 பாகை வரை. அதனால்தான் இம்முறை கழுத்தில் சைக்கிள் பேரிங்.

உதிர்ந்த இறகு ஒன்று கேட்டோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மறுத்தார். ஆனால் இறகின் முன்விளிம்பிலுள்ள சீப்புப் பற்களைத் தடவிப் பார்க்க விட்டார். காற்றைக் கிழித்து ஓசையடக்கும் பற்கள் அவை. பனங்குருத்தோலையின் ஓரத்தை நகவெட்டிக் கத்தரியால் அப்படியே நறுக்கி, ஓடு வேய்வதுபோலக் கீழிருந்து மேலாக ஒட்டினோம்.

முதல் சிலை கரைந்ததற்கு மழைமேல் பழி போட்டது தவறு. ஒரே நாளில் நான்கு அடுக்குக் காகிதம் ஒட்டியதால் உள்ளே ஈரம் நின்று, பூஞ்சை பிடித்து, முன்பே வலுவிழந்திருந்தது. இம்முறை நாளுக்கு ஓர் அடுக்குதான். பசை காய்ச்ச 100 கிராம் மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர்; இறக்கியபின், பூஞ்சை பிடிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை. அது நஞ்சு, பிள்ளைகள் கை படக்கூடாது. காகிதத்தை வெட்டாமல் கிழித்தால்தான் ஓரம் படியும்.

தேங்காய்நார்த் தும்பு தந்த ஈத்தாமொழிக்காரர்கள், ஓலை வாட்டிய அக்காமார், பேரிங் தந்த சைக்கிள் கடை, மின்விசிறி கொடுத்த மண்டபத்தார், இரவெல்லாம் கட்டன்சாயா கொண்டுவந்த தம்பிமார், எல்லோருக்கும் நன்றி.

உயிருள்ள கூகையை எந்த விழா மேடைக்கும் கொண்டுவர மாட்டோம், யார் கேட்டாலும். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது என்பதைச் சிலைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வாருங்கள். நீங்கள் முகத்தைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடைசி வார்னிஷ்.