தெளிந்த வானத்தை நம்பாதே கண்ணு

அன்பு மகளுக்கு,

நீலகிரி கேத்தியில் உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் கறுத்துப்போனதை போனில் அழாத குறையாகச் சொன்னாய். "சாயங்காலம் மேகமே இல்லையேம்மா, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது" என்றாய். அதனால்தான் கண்ணு உறைபனியில் கருகியது.

பகலில் வாங்கிய சூட்டை மண் ராத்திரி முழுக்க வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதியை வாங்கித் திரும்பக் கீழே அனுப்பும். மேகமும் இல்லை, காற்றும் அசையவில்லை என்றால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஊட்டிப் பக்கத்துத் தலைக்குந்தாவும் காந்தலும் உறைபனியில் வெள்ளையாகிற அன்றைக்கு மேட்டுத் தோட்டங்கள் தப்பிப்பது இதனால்தான். செல்போனில் 4 டிகிரி என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதே. அது தரைக்கு நாலைந்து அடி மேலே உள்ள கணக்கு. புல்நுனியில் அதே நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கலாம்.

மேகமும் உறைபனியும் ஒரே நீராவியின் வேலை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம், பூஜ்யத்தில் 5 கிராமுக்கும் குறைவு. தாங்க முடியாத மிச்சம், மிதக்கிற தூசியையும் புகைத்துகளையும் பிடித்துக்கொண்டு துளியாகிறது. இட்லிப் பானையில் ஆவி வருகிற ஓட்டையைக் கிட்டத்தில் பார். ஓட்டையை ஒட்டி ஒன்றுமே தெரியாது, அங்கே இருப்பதுதான் நீராவி. கொஞ்சம் தள்ளி வெள்ளையாகத் தெரிவது துளிகள். மேகமும் அந்த வெள்ளைதான்.

டிசம்பரில் மேட்டுப்பாளையத்தில் 28 டிகிரி, பனிநிலை 20 என்று வை. பனிநிலை என்றால் காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் துளி கட்டுமோ அந்த டிகிரி. வித்தியாசம் 8. மேலே ஏற ஏறக் காற்று குளிரும், வித்தியாசத்தில் ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் உயரம் என்று பெருக்கினால் 1,000 மீட்டர். மேட்டுப்பாளையமே 300 மீட்டருக்கு மேல் என்பதால், மலையேறும் காற்று சுமார் 1,300 மீட்டரில் மேகமாகும். மலைப்பாதையில் கீழே இருக்கும் பர்லியாரில் வெயில் அடிக்க, 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூர் மேகத்துக்குள் நிற்கும். நாம் மூட்டம் என்கிறோம், கீழே இருப்பவர்கள் மேகம் என்கிறார்கள். ஒரு மழைத்துளிக்கு இப்படிப் பத்து லட்சம் துளி சேர வேண்டும், அதனால்தான் பல நாள் துணி ஈரமாகுமே தவிர மழை பெய்யாது. ஜனவரியில் வடகிழக்குக் காற்றின் ஈரம் வற்றியதும் இந்தப் போர்வை போய்விடும். உனக்குக் கஷ்டகாலம் அப்போதுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு தெர்மாமீட்டரைப் பார். ஒன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி நனைத்து, விசிறியால் வீசு. சாதாவில் 12, ஈரத்தில் 8 என்றால் உன் உயரத்தில் பனிநிலை ஏறக்குறைய 5. இலையில் நீர்ப்பனி கட்டும், கட்டும்போது சூட்டையும் விடும், அதனால் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். ஈரத்தில் 6 என்றால் பனிநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. வானமும் தெளிந்து காற்றும் நின்றிருந்தால் அன்று மூடியே ஆக வேண்டும்.

மூடுவதை இருட்டுமுன் செய். மண்ணின் சூடு போன பிறகு மூடினால் குளிரைத்தான் மூடுவாய். மிலாறு என்கிற சிறு கிளைகள், சாக்கு எதுவும் ஆகும். பிளாஸ்டிக் போட்டால் குச்சி நட்டு இலையில் படாமல் தூக்கிக் கட்டு, பட்ட இடமெல்லாம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிடு. முந்தின நாள் காலையிலேயே பாத்திக்குத் தண்ணீர் விடு, ஈர மண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். காய்ந்த சருகை மண்மேல் பரப்பாதே, மண்ணின் சூடு செடிக்கு வராமல் தடுத்துவிடும். உன் தோட்டத்தின் கீழ்ப்பக்க வேலி அடர்த்தியாக இருக்கிறதே, அதில் நாலடி அகலத்துக்கு ஒரு வழி திறந்துவிடு. குளிர்காற்று அணை கட்டியது போல அங்கே நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பிரிங்க்ளர் போட நினைத்தால் பாதியில் நிறுத்தாதே. நீர் உறையும்போது விடும் சூடுதான் செடியைக் காக்கிறது. நிறுத்தினால் ஆவியாகிற நீர் செடியின் சூட்டையே உறிஞ்சி, சும்மா விட்டதைவிட மோசமாக்கும். ஆரம்பித்தால் பனிக்கட்டி எல்லாம் உருகும் வரை ஓட வேண்டும்.

கருகிய செடியை இப்போது பிடுங்காதே. வெந்நீர் ஊற்றியது போல இலை தொங்கினாலும் அடித்தண்டு பச்சையாக இருந்தால் தளிர்க்கும். பத்து நாள் பொறு, அதுவரை யூரியா வேண்டாம்.

சனிக்கிழமை பஸ்ஸில் இரண்டு தெர்மாமீட்டரும் இருபது சாக்கும் அனுப்புகிறேன். அதுவரை இருட்டத் தொடங்கும்போதே வெளியே வந்து நட்சத்திரத்தைப் பார். பளிச்சென்று தெரிந்தால் வீட்டில் இருக்கிற பழைய போர்வையையாவது உடனே நாற்றின் மேல் போடு.

அன்புடன்,
அம்மா