மர மில் மற்றும் தச்சுப் பட்டறை உரிமையாளர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. ஆயுத பூஜையும் உறுப்பினர் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழாவும் வழக்கம்போல் நடந்தேறின. வாடகைக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப்பட்டது.

சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்த தனிப்பணி, நம் பட்டறைகளில் மரத்தூளைக் குழாய் வழியே உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டர்களில் தீப்பிடிக்காமல் காப்பதற்கான ஏற்பாடு. இதற்கெல்லாம் ஒரு திட்டமா என்று அன்று சிலர் சிரித்தார்கள். மாசி மாதம் நம் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் நடந்ததை அவர்களும் அறிவார்கள். இடித்த வீட்டுத் தேக்கை இழைத்தபோது தெறித்த ஆணித்துண்டு ஒன்று குழாய்க்குள் இழுபட்டு, ப்ளோயர் விசிறியில் மோதிக் கிளப்பிய பொறி தூள் பைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. தூளுக்குள் புதைந்து கனன்றுகொண்டிருந்த அது, மெஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் சாப்பிடப் போன பிறகே புகையாக வெளியே தெரிந்தது. பதறிப்போன பையன் பையின் வாயை அவிழ்க்க, உள்ளே தேங்கியிருந்த நயமான தூள் எழும்பிக் காற்றோடு கலந்து குப்பென்று பற்றிக்கொண்டது. கையில் தீக்காயத்தோடு அவன் தப்பினான். பிறகு விசிறியைக் கழற்றியபோது, அதன் இறக்கை ஒன்றின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பளபளப்பான வெட்டு இருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

இதைத் தற்செயல் என்போர், 2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்ததை அறிய வேண்டும். ஜனவரியில் பர்ன்ஸ் லேக்கிலும் ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜிலும் மர மில்கள் தூசி வெடித்து அழிந்தன; இரண்டிலும் இருவர் இருவராக இறந்தார்கள். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும் 37ஆம் பிரிவில் வெடிக்கக்கூடிய தூசியைப் பற்றிச் சொல்லியிருந்தது.

ஆகவே சங்கத்தின் சார்பில் எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகச் சென்றோம். பல இடங்களில் பி.வி.சி. குழாயே ஓடுகிறது, அதில் சேரும் நிலைமின்சாரம் இறங்க வழியில்லாததால், தகரக் குழாய்க்கு மாறி, இணைப்புக்கு இணைப்பு செம்புக் கம்பி கட்டி எர்த் கொடுக்கச் சொன்னோம். குழாய்க்குள் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். ஒரே ப்ளோயரில் மெஷின் மேல் மெஷினாகச் சேர்த்தால் வேகம் குறைந்து தூள் குழாயிலேயே படியும். தூள் முதலில் சைக்ளோனில், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே விழவைக்கும் கூம்பில், இறங்கி, விசிறி அதற்குப் பின்னால் இருந்தால் ஆணியும் விசிறியும் சந்திக்கவே வாய்ப்பில்லை. ரம்பம் தீட்டும்போது பொறி பறக்கும் எமரி சக்கரத்தை இதே குழாயில் இணைத்திருந்த ஓர் இடத்தில் எனக்குப் பேச்சே எழவில்லை. புகை கண்டால் பையைத் திறக்காமல், ப்ளோயரை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி 101ஐ அழைக்க வேண்டும் என்ற அறிவிப்பும் கொடுக்கப்பட்டது.

பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று திரும்பிய இடங்களும் உண்டு. உள்ளே ரம்பம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, முதலாளி ஊரில் இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். பெயர் சொல்வது மரபல்ல. அவர்களில் பெரும்பாலோர் இன்றும் வரவில்லை. சந்தாப் பதிவேட்டிலும் அதே பெயர்களுக்கு எதிரேதான் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நிலுவையைச் சேர்த்துப் பார்த்தால் உபரி, சேர்க்காமல் பார்த்தால் பற்றாக்குறை என்பதே சுருக்கம். எலக்ட்ரீசியன் கூலியில் ஒரு பகுதி இன்னும் பாக்கி.

ஒத்துழைத்த தலைவர், துணைத் தலைவர், அச்சக உரிமையாளர், தேநீர் வழங்கிய கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

குழாய்க்குள் பொறியைக் கண்டவுடன் நீர் தெளித்து அணைக்கும் கருவியைப் பெரிய மில்காரர்கள் தாங்களே வாங்கலாம். சிறு பட்டறைகளுக்கு ஆணி பிடிக்கும் காந்தங்களையாவது சங்கம் மொத்தமாக வாங்கித் தர வேண்டும் என்பது என் விருப்பம். வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் யார் ஏற்றாலும் காந்தத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். ரசீதுப் புத்தகம் இம்மேசையில்தான் இருக்கிறது. தேநீர் இடைவேளையிலும் ரசீது போடப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்