மதியத் தியானம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

சிங்கப்பூர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் பள்ளிக்கூடத்து டீச்சர்களை மதியத்தில் தியானத்துக்கு உட்கார வைக்கலாமா, வைக்கிறவருக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்.

சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள். சாப்பிட்ட பிறகென்றால் பாதிப் பேர் குறட்டைதான். இங்கே ஆபீஸ்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் 12 மணிக்கே சாப்பாட்டுக் கடை மேசையில் டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் 1982 பிறந்தபோது இந்த ஊர்க் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டதால், சூரியன் உச்சிக்கு வர 1 மணி ஆகிவிடும். அதனால் இங்கே 12.15க்கு உட்கார்ந்தால் பசி அவ்வளவாகப் படுத்தாது.

இருபது நிமிடம் போதும். நாற்காலியே நல்லது, சம்மணம் போட்டால் பழக்கமில்லாதவர்களுக்குக் கால் மரத்துவிடும். ஏசி காற்று பிடரியில் அடிக்காத இடமாகப் பார். போன் மேசையில் அதிர்ந்தால் அறை முழுக்கக் கேட்கும், பைக்குள் போகட்டும். முதல் மூன்று நிமிடம் பாதத்தையும் தோளையும் கவனிக்கச் சொல். பிறகு மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்; எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. கடைசி ஐந்து நிமிடம் நீ பேசாதே. கண்ணை மூடத் தயங்குகிறவர்களை வற்புறுத்தாதே, தரையைப் பார்த்தால் போதும்.

‘நன்றாக மூச்சை இழுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதே. புதியவர்கள் வேகவேகமாக இழுத்து விடுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். அப்படி ஆனால் கண்ணைத் திறந்து, மூச்சை அதன் போக்கில் விடச் சொல்.

லாபத்துக்கு வருகிறேன். நடத்துகிறவருக்கு அந்த இருபது நிமிடம் தியானம் கிடையாது, அதைக் காலையில் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். பாதிக் கண்ணைத் திறந்து யார் தோள் ஏறி இறங்குகிறது, யார் தலை சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே உன் மூச்சை மூன்று முறை எண்ணு. எண்ணாவிட்டால் அந்த மௌனம் பொறுக்காமல் வாய் எதையாவது பேசிவிடும். மௌனத்தைப் பொறுக்கப் பழகியவர் மீட்டிங்கிலும் அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவதில்லை. எனக்குத் தெரிந்து பெரிய சம்பாத்தியம் அதுதான். நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்பதால் சோம்பலுக்கும் வழியில்லை.

உங்கள் பள்ளியில் மணியடிக்கிற நேரம் என்ன என்று எழுது, அதற்கேற்ப நிமிடக் கணக்கைப் பிரித்து அனுப்புகிறேன். அம்மாவிடம் மாத்திரை விஷயத்தை ஞாபகப்படுத்து.

அன்புடன்,
தம்பி