தாடைக்குக் கால் எலும்பு

ஆசிரியருக்கு,

வாய்ப்புற்று என்றால் தாடையை எடுத்துவிடுவார்கள், முகமே போய்விடும் என்ற பயத்தில் எங்கள் பாலக்கோடு பக்கம் பலர் புண்ணை மறைத்தே காலம் கடத்துகிறார்கள். புகையிலை அடக்கும் பழக்கமுள்ள என் சித்தப்பாவும் ஆறு மாதம் மறைத்தார்.

எடுத்த தாடைக்குப் பதில் கால் எலும்பை வைக்க முடியும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு உடல் பாரத்தைப் பெரிதாகத் தாங்குவதில்லை. அதை ரத்தக்குழாயோடும் தோலோடும் எடுத்து, தாடை வளைவுக்கு ஏற்ப வெட்டி, பிளேட், ஸ்க்ரூ போட்டுப் பொருத்துகிறார்கள். சில மில்லிமீட்டரே உள்ள அந்தக் குழாய்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கழுத்து ரத்தக்குழாயோடு தைக்கிறார்கள். ரத்தம் ஓடினால்தான் எலும்பு பிழைக்கும். தாடைக்கு இந்த முறையை 1989-இல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹிடால்கோ எழுதி வெளியிட்டார். இப்படிக் கால் எலும்பை எடுத்துத் தாடையில் வைத்த என் சித்தப்பா இன்று நன்றாக நடக்கிறார்.

கஷ்டமெல்லாம் அப்புறம்தான். கதிர்வீச்சுக்குப் பின் வாய் இறுகிவிட்டது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துத் திறந்து பழகுகிறார்; நேற்று பன்னிரண்டாவது குச்சி நுழைந்தது. ராகிக் கூழிலிருந்து களிக்கு வந்துவிட்டார். ஆனால் விழுங்க, பேசப் பயிற்சி பெற ஒவ்வொரு முறையும் சென்னைக்கு பஸ் ஏறுகிறோம். ஒரு நாள் கூலியும் போகிறது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே பயிற்சியாளர் உட்கார அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்