அப்பளம் ஊர் வந்துட்டு

திருநெல்வேலி,
ஆடி 12

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ மீட்டிங் நடுவில் "ம், அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டே என் கதையை மூட்டை கட்டிவிடுவாய். அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அருவி அடித்த அடி.

சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் குற்றாலம் போய்விட்டு வந்தோம். பாளைப் பெரியம்மா, தூத்துக்குடிச் சித்தி, அவள் தம்பி உன் சென்னை மாமா, கடையத்து அத்தை, நான். புருஷன், பெண்டாட்டி, பேரன், பேத்தி யாரும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று சித்தி முதலிலேயே சொல்லிவிட்டாள். உன் அப்பா, "அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்றார். குக்கர் இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறியதுமே சண்டை. இடது பக்கச் சன்னலில்தான் மலை தெரியும். அந்த ஒரு சீட்டுக்கு அறுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவும் ஐம்பத்தாறு வயது மாமாவும் மல்லுக்கு நின்றார்கள். "முட்டி ஆபரேஷன் பண்ணவளுக்குத்தான் சன்னல்" என்று பெரியம்மா உட்கார்ந்தே விட்டாள். முட்டிக்கும் சன்னலுக்கும் என்ன சம்பந்தமோ! பேட்டை, சேரன்மகாதேவி போயிற்று. நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊரான காருக்குறிச்சி வந்ததும் மாமா குடையை வாயில் வைத்து நாயனம் வாசித்தான். வீரவநல்லூர் தாண்டியதுமே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சி போர்டு கண்ணில் பட்டதோ இல்லையோ, "ஏட்டி, அப்பளம் ஊர் வந்துட்டு!" என்று சித்தி போட்ட சத்தத்தில், எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்பளம் நான்தான். உனக்கு இது தெரியாது. நாற்பது வருஷமாக இந்தப் பெயர் நம் வீட்டு வாசலைத் தாண்டி வராமல் பார்த்துக்கொண்டேன்.

1973. எனக்குப் பத்து வயது. அப்போது இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ், கரி எஞ்சின். சன்னலில் தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும். பெரிய தாத்தா ஏதோ வளைகாப்புக்கென்று கல்லிடைக்குறிச்சியில் இரண்டு பெரிய கட்டு அப்பளம் வாங்கி, துண்டில் சுற்றி சீட்டில் வைத்திருந்தார். இடம் பிடிக்கிற அவசரத்தில் நான் அதன்மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். மொறுக் என்று ஒரு சத்தம், பாரு. இன்னமும் காதில் இருக்கிறது. ஆச்சி கையை ஓங்கிக்கொண்டு வரவும், "நாந்தான் உக்காந்தேன்" என்று பெரியம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அடி முதுகில் விழுந்தது, அவளுக்கு. அந்த வாரம் முழுக்க வீட்டில் அப்பளக் குழம்புதான்.

கீழக்கடையத்தில் அத்தை ஏறினாள். பாரதியார் பெண்ணெடுத்த ஊர்க்காரி, பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? தூக்குச்சட்டியைக் கீழே வைப்பதற்குள் பாதி ஊர்க்கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, ஒரு டப்பா சீயக்காய். "மதினி, அருவியில சோப்பு, எண்ணெய், ஷாம்பு ஒண்ணும் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு" என்றேன். "சீயக்காய்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தென்காசியில் இறங்கி ஆட்டோ. பேரருவியில் அன்றைக்குத் தடை. பெண்கள் பக்கத்துக் கம்பியைக்கூட எட்ட முடியவில்லை. நல்ல நாளிலேயே அந்தத் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, பொங்கித்தான் கீழே வரும். அன்றைக்கு அதையும் மீறி வளைவைத் தொட்டுக்கொண்டு கொட்டியது. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார். சரியென்று ஐந்தருவிக்குப் போனோம். மாமா ஆண்கள் பக்கம் போய்விட்டான்.

பெரியம்மா படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நான் பை பாத்துக்கிடுதேன், நீங்க குளிங்க." பையில் என்ன இருக்கிறது? நாலு துண்டும் ஒரு தூக்குச்சட்டியும். கடையத்து மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, சித்தி பின்னால் நெட்ட, எப்படியோ அவளைக் கம்பி வரைக்கும் கொண்டுபோய்விட்டோம்.

அருவிக்குள் தலையைக் கொடுத்தால் முதலில் மூச்சு நின்றுவிடும். பிறகு காது போய்விடும். கண்ணைத் திறந்தால் வெள்ளையாக ஏதோ. யார் முதுகு, யார் சேலை என்று ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி ஒன்றுதான். வளையல் சதையில் பதிந்து, மறுநாள் வரை வட்டமாகத் தடம் இருந்தது. அப்போது அவள் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து என்னமோ சொன்னாள். ஒரு சொல் கேட்கவில்லை. "என்னக்கா?" என்று கத்தினேன். மறுபடியும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

உனக்கு அந்த ஊஞ்சல் பலகை விஷயம் தெரியும். 2004-இல் தாத்தா வீட்டை விற்றபோது, உன்னைப் போட்டு ஆட்டிய பலகை என்பதால் அது எனக்குத்தான் வரும் என்று நான் மனதுக்குள் வைத்திருந்தேன். வாய்திறந்து கேட்கவில்லை. அவள் அதை வண்டியில் ஏற்றிவிட்டாள். ஆற்றைத் தாண்டினால் பாளை. ஆனாலும் பத்து வருஷம் நான் அந்தப் பக்கம் போனது துக்க வீடுகளுக்கு மட்டும்தான். அப்புறம் பேச்சுவார்த்தை வந்தது, பலகையைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறப்பதில்லை.

கரையேறித் தலை துவட்டும்போது, "உள்ள என்னக்கா சொன்னே?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லட்டி, குளுருதுன்னேன்" என்றாள். குளிருக்கு இரண்டு தடவை சொல்வார்களா?

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் உனக்குப் பசிக்கும், விடு. கடைத்தெருவில் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்தார்கள். மாமா பேரம் பேசுகிறேன் என்று போய், கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கி வந்தான். பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டா சாப்பிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம் வேறு. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்து வந்தோம். திருநெல்வேலி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், ஐம்பத்தாறு வயதில்.

திரும்பும்போது சன்னல் சீட்டை பெரியம்மா எனக்குக் கொடுத்துவிட்டாள். இருட்டிவிட்டது, மலை ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மங்குஸ்தான் தோட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நசுக்கி, வெள்ளைச் சுளையை எனக்கும், கறை பட்டதைத் தனக்குமாக எடுத்துக்கொண்டே வந்தாள். என் புதுச் சேலையில் ஊதாக் கறை. வினிகர் போட்டும் போகவில்லை.

உனக்கும் பெரியம்மா மகளுக்கும் நடுவில் என்னவென்று நான் கேட்கவில்லை. குரூப்பில் இருந்து யார் முதலில் வெளியே போனது என்றும் கேட்கவில்லை. டிசம்பரில் வருகிறேன் என்றாயே, அப்போதும் அருவியில் தண்ணீர் இருக்கும், மங்குஸ்தான் இருக்காது. ஆடியில் வரப் பார். அவளுக்கு நேற்றே போன் பண்ணிக் கேட்டேன். "லீவு போட்டுக்கிடுதேன் சித்தி, ஆனா சன்னல் சீட்டு எனக்குத்தான்" என்றாள்.

அன்புடன்,
அம்மா